அறிந்தவர் கடன்

ஓர் ஆபத்து வருகிறது என்பதை ஒருவர் அறிந்திருக்கிறார். அந்த ஆபத்து யார்மீது விழப்போகிறதோ அவர் அறியாதிருக்கிறார். இந்த இருவருக்கும் இடையிலான உறவு என்ன? அறிந்தவர் எப்போது வாய்திறக்க வேண்டும்? எல்லாம் ஐயந்திரிபறத் தெரிந்த பின்னரா, அல்லது ஐயம் தோன்றிய மாத்திரத்திலேயா? சொன்னால் மக்கள் கலவரமடைவார்கள் என்று அவர் அஞ்சினால், அந்த அச்சம் மௌனமாக இருக்கும் உரிமையை அவருக்குத் தருமா? பொய் சொல்வது தவறு என்று சிறுவயதிலிருந்தே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். வகுப்பறையில் நானும் அதையே சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவது எவ்வகைத் தவறு என்ற கேள்வியை நாம் பாடமாக வைப்பதில்லை.

இக்கேள்வி மிகக் கூர்மையாக எழும் இடம் அணுமின் நிலையத்தின் அயல். தீப்பற்றினால் புகையைக் காண்கிறோம். ஆறு பெருகினால் அதன் இரைச்சல் கேட்கிறது. கடும் புயலுக்கு முன்னர் வானத்தின் நிறமே மாறிவிடுகிறது. கதிரியக்கமோ கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கு மணக்காது, தோலில் சுடாது. பயிர்கள் பச்சையாகவே நிற்கும், பால் வெள்ளையாகவே இருக்கும், குழந்தைகள் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருப்பார்கள். அங்கு வாழும் ஒரு விவசாயிக்குத் தன் ஐம்புலன்களில் எதுவும் உதவாது. இன்னொரு மனிதர் ஓர் அளவுகருவியைப் பார்த்துச் சொல்லும் சொல்லே அவருக்குக் கண்ணும் மூக்கும் ஆகிறது. அந்தச் சொல் வராவிட்டால் அவர் குருடாக்கப்படுகிறார்.

எங்கள் ஊர்களில் 'அமானிதம்' என்றொரு சொல் புழக்கத்தில் இருக்கிறது. தூரப்பயணம் போகிறவர் நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைத்துச் செல்லும் பொருள் அமானிதம். வைத்திருப்பவர் அதைக் காக்கலாம், ஆனால் தனதாகக் கொள்ள முடியாது. ஆபத்தைப் பற்றிய அறிவும் இவ்வகைப் பொருள்தான் என்பது என் கருத்து. கருவியைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் கையில் அது இருக்கிறது. ஆனால் உடைமையாளர், அந்த ஆபத்து யார்மீது விழுமோ அவர்தான். வழக்கமான அமானிதத்திலிருந்து இதில் ஒரேயொரு வேறுபாடு உண்டு. நகைப்பொதியைக் கொடுத்தவர் திரும்பி வந்து கேட்பார். இங்கே உரியவர் வந்து கேட்கமாட்டார், ஏனென்றால் தன் பொருள் அங்கே இருப்பதே அவருக்குத் தெரியாது. ஆகவே வைத்திருப்பவரே எழுந்து நடந்து கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கொண்டுபோய்க் கொடுக்கப்படாத கதைகளில் முதன்மையானது செர்னோபில். 1986 ஏப்ரல் 26, அதிகாலை 1.23க்கு நான்காவது அணு உலை வெடித்தது. அதிலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீற்றரில் பிரிப்பியாத் நகரம். சுமார் 49,000 பேர் வாழ்ந்த இளம் நகரம் அது. அன்று சனிக்கிழமை. பாடசாலைகள் நடந்தன, பிள்ளைகள் வெளியில் விளையாடினார்கள். மறுநாள் பிற்பகலில்தான் வீடுகளின் வானொலியில் அறிவித்தல் வந்தது. பஸ்கள் வரிசையாக வந்து நின்றன. மூன்று நாட்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவர்கள் அங்கு வாழ்வதற்குத் திரும்பவேயில்லை. வெடிப்புக்கும் வெளியேற்றத்துக்கும் இடையில் ஏறத்தாழ 36 மணித்தியாலங்கள் கழிந்திருந்தன. உலகத்துக்கு விடயம் தெரியவந்ததுகூட மொஸ்கோவின் வாயால் அல்ல. 28ஆம் திகதி சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் வேலைக்கு வந்தவரின் காலணியில் கதிரியக்கம் கண்டறியப்பட்டது. அன்றிரவுதான் சோவியத் தொலைக்காட்சி சில வரிகளில் விபத்தை ஒப்புக்கொண்டது.

பிரிப்பியாத்தின் கதை பலரும் அறிந்தது. என்னைக் கூடுதலாக வருத்துவது பாலின் கதை. உலையிலிருந்து வெளியேறிய பொருட்களில் ஒன்று கதிரியக்க அயடீன். அதன் வீரியம் எட்டு நாட்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அது புல்லில் படிகிறது, பசு புல்லை மேய்கிறது, பாலில் இறங்குகிறது. அந்தப் பாலைக் குடிக்கும் குழந்தையின் கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி அதைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பெலாருஸ், உக்ரேன், ரஷ்யா ஆகியவற்றின் கிராமங்களில் தாய்மார் வழமைபோலப் பாலைக் காய்ச்சிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். கதிரியக்கத்தின் விளைவுகளை ஆராயும் ஐக்கிய நாடுகளின் விஞ்ஞானக் குழு 2008ஆம் ஆண்டு அறிக்கையில் தந்த கணக்கு இது: விபத்தின்போது சிறுவராகவும் இளையோராகவும் இருந்தவர்களில் 2005 வரை 6,000க்கும் மேற்பட்டோருக்குத் தைரொயிட் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதில் பெரும்பங்கு இந்தப் பாலால் வந்திருக்கக்கூடும் என்று அக்குழு கருதியது. பெரும்பாலானோர் சிகிச்சையால் பிழைத்தார்கள் என்பது ஆறுதலே. ஆயினும் அவர்களுக்கு அந்த நோய் ஏன் வரவேண்டும்? அவர்களைக் காக்கப் பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. "சில வாரங்களுக்குப் புதுப்பாலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்" என்ற ஒரு வாக்கியம் உரிய நேரத்தில் போதுமாயிருந்தது.

அதே நாட்களில் அயலில் போலந்து நாடு செய்ததை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவர்களுக்கும் மொஸ்கோ எதுவும் சொல்லவில்லை. 28ஆம் திகதி காலை தமது சொந்த அளவு நிலையத்தில் கதிரியக்கம் உயர்ந்ததைக் கண்டார்கள். முழு விபரம் தெரியாமலே, 29ஆம் திகதி முதல் பிள்ளைகளுக்குச் சாதாரண அயடீன் கரைசலை ஊட்டத் தொடங்கினார்கள். சுரப்பி நல்ல அயடீனால் நிரம்பியிருந்தால் கெட்ட அயடீனுக்கு இடம் இராது என்பதே அதன் தத்துவம். சில நாட்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட சிறுவர்களுக்கு அது கொடுக்கப்பட்டது. போலந்தும் அப்போது மொஸ்கோவின் முகாமில் இருந்த நாடுதான். ஆட்சிமுறையே எல்லாவற்றையும் தீர்மானித்தது என்று சொல்லி நாம் தப்பிவிட முடியாது. கருவியைப் பார்த்தவர்கள், அது காட்டியது பிள்ளைகளுக்கு உரியது என்று எண்ணினார்களா இல்லையா என்பதில்தான் வேறுபாடு விழுந்தது.

மௌனத்துக்குச் சொல்லப்படும் முதலாவது நியாயம், மக்கள் பீதியடைவார்கள் என்பது. இதை இலேசாகத் தள்ளிவிடக் கூடாது. நெரிசலில் மிதிபட்டு மனிதர்கள் இறப்பதை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். ஆனால் அமெரிக்கச் சமூகவியலாளர் குவாரன்டெல்லி போன்றவர்கள் பல பத்தாண்டுகள் அனர்த்தங்களை ஆராய்ந்து கண்டது வேறு. ஆபத்து வேளையில் பெரும்பாலான மனிதர் அறிவிழந்து ஓடுவதில்லை. முதலில் குடும்பத்தைத் தேடுகிறார்கள், அயலவரைக் கேட்கிறார்கள், பின்னரே புறப்படுகிறார்கள். கண்மூடித்தனமான பீதி அரிதான நிகழ்வே என்பது அவர்களின் முடிவு. வேறு இரு ஆய்வாளர்கள், கிளார்க், செஸ் என்போர், 2008இல் இன்னொன்றையும் சுட்டினார்கள். மக்கள் பீதியடைவார்கள் என்று எண்ணி அதிகாரத்தில் இருப்போர் தாமே பீதியடைகிறார்கள் என்பது அது.

1979 மார்ச் 28 அதிகாலையில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மூன்று மைல் தீவு அணுமின் நிலையத்தில் நேர்ந்த விபத்து இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பத்து மைல் தொலைவில் மாநிலத் தலைநகர் ஹரிஸ்பேர்க். அந்நகர மேயருக்கு முதற்செய்தி நிலையத்திலிருந்து வரவில்லை. தொலைதூரத்துப் பொஸ்ரன் நகர வானொலி ஒன்று, அணு விபத்துக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று தொலைபேசியில் அவரைக் கேட்டது. இரண்டு நாட்களின் பின், 30ஆம் திகதி, புகைபோக்கிக்கு நேர்மேலே ஹெலிகொப்டரில் எடுத்த 1,200 என்ற ஓர் அளவு, நிலையத்துக்கு வெளியே மக்கள் இருக்குமிடத்தின் அளவாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. வெளியேற்றுங்கள் என்றார்கள், பின்னர் வேண்டாம் என்றார்கள், வீட்டுக்குள் இருங்கள் என்றார்கள். கடைசியில் ஐந்து மைல்களுக்குள் உள்ள கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் வெளியேறுவது நல்லது என்று ஆளுநர் தோர்ன்பேர்க் அறிவுறுத்தினார். வெளியேறியவர்களோ ஏறத்தாழ 1,44,000 பேர் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. இதைப் பீதி என்று அழைப்பது நியாயமா? ஒரே நாளில் நான்கு விதமாகச் சொல்லப்பட்ட ஒரு தகப்பன், யாரையும் நம்புவதைவிடப் பிள்ளையைக் காரில் ஏற்றுவதே மேல் என்று முடிவெடுத்தால், அவர் அறிவோடுதான் நடந்திருக்கிறார். உண்மை அவரை வெருட்டவில்லை. உண்மையைச் சொல்வோர் இல்லை என்ற உணர்வே அவரை வெருட்டியது.

இரண்டாவது நியாயம் இதைவிடக் கனமானது. எமக்கே உறுதியாகத் தெரியாததை எப்படிச் சொல்வது என்பது அது. இங்கு நாம் யப்பானுக்குச் செல்ல வேண்டும்.

2011 மார்ச் 11 பிற்பகல் 2.46க்கு நேர்ந்த பூமியதிர்ச்சியும் அதையடுத்த சுனாமியும் ஃபுகுஷிமா தாய்ச்சி அணுமின் நிலையத்தின் மின்சாரத்தை அழித்தன. அன்றிரவு 9.23க்கு மூன்று கிலோமீற்றருக்குள் உள்ளோர் வெளியேறுமாறு அரசு கட்டளையிட்டது. அந்த வேளையில் நிலையம் அமைந்த ஊரின் மக்களில் ஐந்தில் ஒரு பங்கினருக்கே விபத்து நடந்தது தெரிந்திருந்தது என்று யப்பானியப் பாராளுமன்றம் நியமித்த விசாரணைக் குழு 2012இல் கண்டறிந்தது. மறுநாள் அதிகாலை எல்லை பத்துக் கிலோமீற்றராயிற்று, மாலையில் இருபதாயிற்று. அயலிலுள்ள நமியே நகரத்தின் நிருவாகம் பத்துக் கிலோமீற்றர் கட்டளையைத் தொலைக்காட்சி பார்த்துத்தான் அறிந்துகொண்டது. எங்கே போவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. தம் மக்களில் ஆயிரக்கணக்கானோரை அவர்கள் வடமேற்கே மலைப்பக்கமாக, ஏறத்தாழ முப்பது கிலோமீற்றரிலுள்ள த்சுஷிமா என்ற பகுதிக்கு அழைத்துச் சென்றார்கள். தூரமாகச் சென்றுவிட்டோம் என்ற நிம்மதியில் மார்ச் 15 வரை அங்கு தங்கினார்கள். பிள்ளைகள் வெளியில் விளையாடினார்கள். கதிரியக்க மேகம் போன திசையும் அதே வடமேற்குத்தான்.

காற்று எத்திசையில் எதைச் சுமந்து செல்லும் என்பதைக் கணிக்கும் 'ஸ்பீடி' என்றொரு கணினி முறை யப்பானிடம் இருந்தது. இத்தகைய நாளுக்காகவே பல ஆண்டுகள் செலவிட்டு உருவாக்கப்பட்டது அது. அந்நாட்களிலும் அது கணித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் உலையிலிருந்து எவ்வளவு கதிரியக்கம் வெளியேறுகிறது என்ற அளவு கிடைக்காததால், கணிப்பு நம்பத்தகுந்ததல்ல என்று அதிகாரிகள் கருதினார்கள். நமியே மக்களுக்கு அது அனுப்பப்படவில்லை. மார்ச் 14இல் அமெரிக்கப் படையினருக்கு அது வழங்கப்பட்டிருந்தது. சொந்த மக்கள் முதன்முதலாகக் கண்டது மார்ச் 23இல்.

அந்த அதிகாரிகளைக் கொடியவர்கள் என்று நான் எண்ணவில்லை. தூக்கமின்றி வேலைசெய்தவர்களாகவே இருந்திருப்பார்கள். பிழையான தகவலைக் கொடுத்து மக்களைப் பிழையான திசையில் அனுப்பிவிடக் கூடாது என்ற பொறுப்புணர்வும் அவர்களில் பலருக்கு இருந்திருக்கும். ஆனால் அவர்களின் சிந்தனையில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. தாம் பேசாதிருந்தால் மக்கள் அசையாமல் நின்று காத்திருப்பார்கள் என்று அவர்கள் எண்ணினார்கள் போலும். மக்கள் அப்படி நிற்பதில்லை. அறிவு வராத இடத்தில் ஊகத்தை வைத்துக்கொண்டு அவர்கள் நடக்கத் தொடங்குகிறார்கள். அளவு தெரியாவிட்டாலும் காற்றின் திசை தெரிந்திருந்தது. "எவ்வளவு என்பது எமக்குத் தெரியாது, ஆனால் வடமேற்குப் பக்கம் போகாதிருப்பது நல்லது" என்று சொல்லியிருக்கலாம். ஐயமுள்ள அறிவை ஐயமுள்ளதாகவே சொல்லும் மொழி எல்லா மனிதரிடமும் இருக்கிறது. மேற்கே மழை கறுத்திருக்கிறது, ஆறு பெருகினாலும் பெருகும், மாடுகளை மேட்டில் கட்டுங்கள் என்று நம் வயல்வெளிப் பெரியவர்கள் சொல்வது அந்த மொழியில்தான். ஆறு பெருகாவிட்டால் யாரும் அவரைப் பொய்யர் என்பதில்லை.

அதே விபத்தில் இன்னொன்றும் நடந்தது. உலையின் எரிபொருள் உருகிவிட்டது என்ற சொல்லையே பயன்படுத்த வேண்டாம் என்று டெப்கோ நிறுவனத்தின் அப்போதைய தலைவர் பணித்திருந்தார் என்பது 2016இல் வெளிவந்தது. உருகல் நடந்ததை நிறுவனம் ஒப்புக்கொண்டது விபத்து நடந்து இரண்டு மாதங்களின் பின், 2011 மே மாதத்தில். இங்கே ஐயம் என்ற நியாயமும் இல்லை. ஐயத்தை ஒரு போர்வையாக வைத்திருப்போரும் உண்டு என்பதற்கு இது சான்று. உண்மையாகவே தெரியாதவருக்கும் தெரியாதவர்போல் இருப்பவருக்கும் வித்தியாசம் காண வெளியிலிருப்பவரால் முடியாது. அதனால்தான், தெரியாது என்பதையும் உடனுக்குடன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்கிறேன்.

இனி எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதத்துக்கு வருவோம். எச்சரிக்கையும் கொல்லும் என்பது அது. ஃபுகுஷிமாவில் இது வெறும் வாதமாக இருக்கவில்லை. இருபது கிலோமீற்றருக்குள் இருந்த வைத்தியசாலைகளின் நோயாளர்களில் குறைந்தது 60 பேர் அந்த மார்ச் மாதத்திலேயே வெளியேற்றத்தின் இன்னல்களால் இறந்தார்கள் என்கிறது அதே விசாரணைக் குழு. படுத்த படுக்கையாயிருந்த முதியோர் மணிக்கணக்காகப் பஸ்களில் இருத்தி வைக்கப்பட்டார்கள். அந்த மாகாணத்தில் இடப்பெயர்வின் களைப்பாலும் நோயாலும் மனமுறிவாலும் நேர்ந்தவையாக ஏற்றுக்கொள்ளப்பட்ட மரணங்கள் 2,300க்கு மேல். பூமியதிர்ச்சியிலும் அலையிலும் நேரடியாக இறந்தோரின் தொகையைவிட அது அதிகம். அவசரமாக ஓடச் சொன்னது அவர்களுக்குச் செய்த நன்மையா?

பொய்யாக ஒலிக்கும் எச்சரிக்கையையும் இத்துடன் சேர்த்துப் பார்க்கலாம். கனடாவில் ரொறன்ரோவின் கிழக்கெல்லையில், நம் நாட்டிலிருந்து சென்ற தமிழ் பேசும் மக்கள் நிறைந்து வாழும் ஸ்காபுறோவை அடுத்து, பிக்கறிங் அணுமின் நிலையம் இருக்கிறது. 2020 ஜனவரி 12, ஞாயிறு காலை 7.23க்கு, ஒன்ராறியோ மாகாணம் முழுவதிலும் கைத்தொலைபேசிகள் அலறின. பிக்கறிங்கில் ஒரு சம்பவம், கதிரியக்கம் வழமைக்கு மாறாக வெளியேறவில்லை என்றது செய்தி. சம்பவம் எதுவும் நடக்கவில்லை. கடமை மாறும் நேரத்தில், பயிற்சிக்கான முறையில் இருப்பதாக எண்ணி, அலுவலர் ஒருவர் உண்மையான முறையில் அனுப்பிவிட்டார். அது தவறு என்ற செய்தி அதே தொலைபேசிகளுக்குப் போய்ச்சேர 108 நிமிடங்கள் ஆயின. அவ்விரு செய்திகளும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருந்தன. பேரப்பிள்ளைகளைப் பார்க்கவென்று போய் அங்கேயே தங்கிவிட்ட நம் ஊர் மூதாட்டி ஒருவருக்கு, அந்த அலறல் மட்டும்தான் செய்தி.

இவ்விரண்டையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இவை மௌனத்துக்குச் சார்பான சாட்சிகளா? வைத்தியசாலை முதியோரைக் கொன்றது, ஆபத்தைச் சொன்னது அன்று. அவர்களை எப்படி, எதில், எங்கே கொண்டுசெல்வது, அல்லது கொண்டுசெல்லாமலே கதவடைத்துக் காப்பது எவ்வாறு என்று நல்ல நாளில் ஒருவரும் யோசித்து வைக்காததுதான் அவர்களைக் கொன்றது. விபத்து வேளையில் கட்டளைத் தலைமையகமாக இயங்கவென்று நிலையத்திலிருந்து ஐந்து கிலோமீற்றரில் கட்டப்பட்ட கட்டடத்திலேயே கதிரியக்கத் தூசியைத் தடுக்கும் காற்று வடிகட்டிகள் இருக்கவில்லை. சில நாட்களில் அதைக் கைவிட்டு வேறு நகரத்துக்கு மாற வேண்டியதாயிற்று. விபத்து வராது என்ற நம்பிக்கையில் கட்டப்பட்ட விபத்து மையம் அது.

பிக்கறிங்கில் பெரிய தவறு, முதற்செய்தியல்ல என்பேன். கை தவறுவது மனித இயல்பு. அந்த 108 நிமிடங்கள்தான் தவறு. பிழை என்று தெரிந்த பின்னரும், அதைச் சொல்லும் வழி முன்கூட்டியே வகுக்கப்படாததால் மக்கள் காத்திருந்தார்கள். ஆனால் அதன்பின் நடந்ததைக் கவனியுங்கள். நிலையத்தின் அயலில் வாழ்வோர் இலவசமாகப் பெறக்கூடிய அயடீன் மாத்திரைகளுக்கு மாதமொன்றுக்கு நூறு, இருநூறு பேரே விண்ணப்பிப்பது வழக்கம். அந்த இரு நாட்களில் மட்டும் 32,000க்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. மக்கள் தெருவில் ஓடவில்லை. தமக்கு உரிய பொருள் ஒன்று அங்கே இருப்பதை அன்றுதான் அறிந்துகொண்டு போய்க் கேட்டார்கள்.

ஆகவே எச்சரிக்கை என்பது ஆபத்து வரும் கணத்தில் எழுப்பும் ஒலி மாத்திரமல்ல. பாடசாலை மணியை எடுத்துக்கொள்ளுங்கள். இடைவேளைக்கு ஒரு விதமாகவும் வீட்டுக்குப் போக ஒரு விதமாகவும் அது ஒலிக்கிறது. முதலாம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் வாரத்தில் எல்லா மணியும் ஒன்றுதான். நாங்கள் சொல்லிக்கொடுத்து, வரிசையில் நடத்திக் காட்டி, பலநாள் பழக்கிய பின்னரே அந்த வெண்கலத் தட்டு பேசத் தொடங்குகிறது. அபாயச் சங்கும் அப்படித்தான். பொருள் கற்பிக்கப்படாத ஒலி வெறும் இரைச்சல்.

கற்பிப்பதற்கும் காசு வேண்டும், ஒலிப்பதற்கும் காசு வேண்டும். மூன்று மைல் தீவின் பாடத்தால் அமெரிக்கா, ஒவ்வொரு நிலையத்தையும் சுற்றிப் பத்து மைலுக்குள் உள்ள மக்களை ஏறத்தாழ 15 நிமிடங்களுக்குள் எச்சரிக்கும் வசதி இருக்க வேண்டும் என்று விதித்தது. நியூயோர்க்கின் வடக்கே இருந்த இந்தியன் பொயின்ற் நிலையத்தின் சங்குகளுக்கு, மின்சாரம் நின்றாலும் இயங்கும் மாற்று மின்வசதி வேண்டும் என்று 2005இல் சட்டம் வந்தது. குறித்த தவணை 2007இல் தவறியது, நீட்டிய தவணையும் தவறியது. நிலையத்தை நடத்திய என்டர்ஜி நிறுவனத்துக்கு ஒழுங்குமுறை ஆணைக்குழு முதலில் 1,30,000 டொலரும் பின்னர் 6,50,000 டொலரும் தண்டம் விதித்தது. அந்நிலையம் 2021இல் மூடப்பட்டுவிட்டது. அந்த ஆண்டுகளில் விபத்து எதுவும் நேரவில்லை, யாரும் இறக்கவில்லை. ஆயினும் ஒழுக்கத்தின் கண்ணில் அங்கே ஒரு கடன் தவணை தவறியது. எந்த அனர்த்தம் மின்சாரத்தைத் துண்டிக்குமோ அதே மின்சாரத்தில் தொங்கும் சங்கு, நல்ல காலத்தில் மாத்திரம் அமானிதம் காப்பவரைப் போன்றது.

நம் பக்கம் அணு உலை இல்லையே, இதெல்லாம் நமக்கெதற்கு என்று வாசகர் கேட்கலாம். 2004 டிசம்பர் 26ஐ மறந்தவர் நம் கரையோரத்தில் உண்டா? சுமாத்திராவில் பூமி அதிர்ந்ததற்கும் நம் கிழக்குக் கரையை அலை அடைந்ததற்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்கள் இருந்தன. ஹவாயிலிருந்த எச்சரிக்கை நிலையம் அதிர்வைப் பதிவுசெய்தது. ஆனால் இந்து சமுத்திரத்தில் எச்சரிக்கை முறை என்று ஒன்று இருக்கவில்லை, யாரை அழைப்பது என்ற ஒழுங்கும் இருக்கவில்லை. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் மாளிகைக்காட்டிலும் அந்த ஞாயிறு காலை மனிதர்கள் வழமைபோல் எழுந்தார்கள். அக்கரையில் கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் அன்று கடல்நீர் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த உலை முறைப்படி பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. கடலோரத்திலிருந்த ஊழியர் குடியிருப்பிலோ உயிர்கள் போயின. உலைக்கு ஆபத்தை உணரும் கருவிகள் இருந்தன. அதனருகே உறங்கிய குழந்தைகளுக்கு ஒன்றும் இருக்கவில்லை. இதைவிடத் தெளிவாக இந்த விடயத்தைச் சொல்லும் உதாரணம் எனக்குத் தெரியாது.

அதன்பின் 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, கரையோரத்தில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. 2012 ஏப்ரல் 11இல் மீண்டும் சுமாத்திராவுக்கு அப்பால் பெரும் பூமியதிர்ச்சி நேர்ந்தபோது கரையோர மக்களை வெளியேறச் சொன்னார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளூர்ப் பக்கமாக நடந்தவர்களில் நானும் ஒருவன். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் தெரிந்த குரல் ஒன்று அறிவித்தலைத் திரும்பத் திரும்பச் சொன்னது. தொழுகை நேரமல்லாத வேளையில் அது ஒலித்தால் கைவேலையை விட்டுவிட்டுக் காதுகொடுப்பது எங்கள் வழக்கம். பெரும் அலை வரவில்லை, மாலையில் திரும்பினோம். வழியில் ஒருவர், "வீணாக ஓட வைத்துவிட்டார்கள்" என்று முணுமுணுத்தார். பக்கத்தில் நடந்த முதியவர், "வாப்பா, அன்றைக்கும் இப்படி ஆரும் வீணாக ஓட வைத்திருந்தால்..." என்று தொடங்கியவர் வசனத்தை முடிக்கவில்லை. முணுமுணுத்தவரும் பின்னர் ஒன்றும் பேசவில்லை.

இன்று மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் கூடங்குளத்தில் அணு உலைகள் இயங்குகின்றன. அங்குள்ள இடிந்தகரை மீனவ மக்கள் 2011 முதல் நடத்திய நீண்ட போராட்டத்தில் எழுந்த வினாக்களுள் இதுவும் ஒன்று: ஏதும் நேர்ந்தால் எங்களுக்கு யார் சொல்வார்கள், நாங்கள் எங்கே போவோம்? அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்தில் இரு பக்கமும் நேர்மையானவர்கள் இருக்கிறார்கள். அதை நான் இங்கே எடுக்கவில்லை. ஆனால் இந்த வினாவுக்கு விடை சொல்லும் கடமை, எப்பக்கம் வென்றாலும் நீங்காது. உலையை வேண்டும் என்போருக்கு அக்கடமை இன்னும் கூடுதலாக இருக்கிறது.

ஆபத்தை அறிந்தவர் எப்போது சொல்ல வேண்டும் என்ற தொடக்கக் கேள்விக்கு என் விடை இதுதான். அறிந்த அளவை அறிந்த வேளையிலேயே சொல்ல வேண்டும். அறியாத பகுதியை அறியோம் என்றே சொல்ல வேண்டும். பிழையாகச் சொன்னால் அதே குரலில், அதே வேகத்தில் திருத்த வேண்டும். கேட்பவரின் மொழியில் சொல்ல வேண்டும். அவர் கேட்டதும் என்ன செய்வது என்பதை, ஆபத்து இல்லாத நாட்களிலேயே அவரோடு இருந்து பழக்கியிருக்க வேண்டும். இவற்றில் கடைசியானதே மிகக் கடினமானது, ஏனெனில் ஆபத்து இல்லாத நாளில் அதைச் செய்யாதவரை யாரும் குறைசொல்வதில்லை.

அந்தக் குறையை நாம் சொல்லத் தொடங்கலாம். கரையோரத்தில் வாழ்வோராகட்டும், அணைக்கட்டுக்குக் கீழே வாழ்வோராகட்டும், மண்சரியும் மலையடிவாரத்தில் வாழ்வோராகட்டும், தமது பிரதேச செயலகத்துக்குப் போய்ச் சில எளிய கேள்விகளைக் கேட்கலாம். ஆபத்து வந்தால் எங்கள் ஊருக்கு யார் சொல்வார்? எந்த மொழியில் சொல்வார்? கரண்ட் இல்லாவிட்டால் எப்படிச் சொல்வார்? நடக்க முடியாதவர்களை யார் தூக்குவார்? நம்முடைய பொருள் அவர்களிடம் இருக்கிறது. அது பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பதற்கு அனர்த்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.